குப்பையிலிருந்து கூடை, விளக்கு, பை: மறுபயனீட்டுக் கைவினை எப்போது பலன் தரும்?

நான் பள்ளியில் படித்தபோது மறுசுழற்சிப் போட்டி ஒன்று நடந்தது. எங்கள் குழு நெகிழிப் போத்தல்களால் இரட்டைக் கோபுரம் கட்டியது. போத்தல் போதாமல் போனதால், கடையில் தண்ணீர்ப் போத்தல்களை வாங்கி, தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு வெறும் போத்தலைப் பயன்படுத்தினோம். வெள்ளிச் சாயம், மினுமினுப்புத் தாள், சூடான பசை எல்லாம் புதிதாக வாங்கியவைதாம். இரண்டாம் பரிசு கிடைத்தது.

மறுவாரம் அந்தக் கோபுரம் பள்ளிக்குப் பின்னால் குப்பைத் தொட்டியின் ஓரம் கிடந்தது. பழைய பொருள் எடுக்க வந்த லோரிக்காரர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். சாயமும் பசையும் ஏறிய போத்தலை மறுசுழற்சிக்கு யாரும் வாங்க மாட்டார்களாம். சும்மா விட்டிருந்தால் மீண்டும் மூலப்பொருளாகியிருக்கக்கூடிய போத்தல்களை, நாங்கள் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு என்ற பெயரில் நிரந்தரக் குப்பையாக்கியிருந்தோம்.

இன்று செய்தியாளராகப் பள்ளிக் கண்காட்சிகளுக்கும் மகளிர் பிரிவுப் பட்டறைகளுக்கும் போகும்போது, அதே கோபுரத்தின் உறவினர்களைப் பல இடங்களில் பார்க்கிறேன். எண்ணம் நல்லது, உழைப்பும் உண்மையானது. ஆனால், செய்த பொருள் வீட்டில் புழங்காவிட்டால் குப்பை சில வாரங்கள் தாமதமாகக் குப்பைமேட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான். கழிவிலிருந்து அழகும் பயனும் உள்ள பொருளைச் செய்வது எப்படி, எதைத் தேர்ந்தெடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பயன்கலை என்றால் என்ன?

மறுசுழற்சியில் பழைய பொருள் தொழிற்சாலைக்குப் போய், அரைக்கப்பட்டு அல்லது உருக்கப்பட்டு, வேறொரு பொருளாகிறது. மறுபயனீட்டில் பொருள் உருகுவதில்லை. அதன் வடிவத்தையோ வேலையையோ மாற்றி மீண்டும் பயன்படுத்துகிறோம். இதில் கைத்திறனும் அழகுணர்வும் சேர்ந்து, நாள்தோறும் கையில் எடுக்கும் பொருளாக அமைந்தால் அதைப் பயன்கலை எனலாம். சுவரில் மாட்டும் படம் பார்க்கப்படுகிறது. கூடையும் விளக்கும் நாற்காலியும் பார்க்கவும் படுகின்றன, உழைக்கவும் செய்கின்றன.

இது நமக்குப் புதிதல்ல. தேங்காய்ச் சிரட்டையில் அகப்பை செய்த சமூகம் நம்முடையது. தொடக்க காலத்தில் கித்தா மரத்தில் பால் பிடிக்கவும் சிரட்டை பயன்பட்டது. பழைய சேலை குழந்தைக்கு ஏணையாகி, கிழிந்த பிறகு மிதியடியாகி, கடைசியில் கரித்துணியானது. இனிப்புப் பால் டின்னில் கயிறு கட்டிக் காப்பி வாங்கி வந்த நினைவு தோட்டத்திலும் பட்டணத்திலும் வளர்ந்த பெரியவர்களுக்கு இன்னும் இருக்கும். அவர்கள் அதை விழிப்புணர்வு என்று சொல்லவில்லை. பொருளை வீணாக்க வசதியில்லை. அதனால் அறிவைப் பயன்படுத்தினார்கள்.

ஏன் இப்போது தேவைப்படுகிறது?

மலேசியாவில் ஒரு நாளைக்கு 38,000 டன்னுக்கு மேல் திடக்கழிவு உருவாகிறது. 2015 செப்டம்பர் 1 முதல் கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய இடங்களில் வீட்டிலேயே கழிவைப் பிரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. பினாங்கு 2016-இல் தனியாக அதைக் கட்டாயமாக்கியது. இருந்தும் நாட்டின் மறுசுழற்சி விகிதம் 2023-இல் 35 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. மீதமுள்ளதில் பெரும்பகுதி குப்பைமேட்டுக்குப் போகிறது.

பட்டணத்தில் குப்பை லோரி வாரத்தில் சில நாள்கள் வரும். தோட்டத்திலோ உள்ளே நெடுந்தூரம் இருக்கும் லயங்களுக்கு லோரி வராத இடங்கள் உண்டு. அங்கே குப்பை குழியில் புதைகிறது, அல்லது எரிகிறது. நெகிழியை எரித்தால் வரும் புகை முதலில் நம் வீட்டுக் குழந்தையின் நுரையீரலுக்குத்தான் போகிறது. திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றமும்கூட.

கைவினை மட்டும் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடாது. ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் பின்னினாலும் சில கிலோ கழிவைத்தான் குறைக்க முடியும். அதன் உண்மையான வலிமை வேறு இடத்தில் இருக்கிறது. காப்பிப் பொட்டலங்களைச் சேர்த்துக் கழுவி அடுக்கும்போதுதான், ஒரு மாதத்தில் நம் வீடு எத்தனை பொட்டலங்களைப் போடுகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அந்த எண்ணிக்கை பல சொற்பொழிவுகள் செய்யாததைச் செய்யும்.

உலகம் காட்டும் மூன்று எடுத்துக்காட்டுகள்

தென்னமெரிக்காவின் பராகுவாய் நாட்டில், தலைநகர் அசுன்சியோனின் குப்பைமேட்டை ஒட்டிய கத்தேயுரா குடியிருப்பில், ஃபாவியோ சாவேஸ் என்பவர் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கத் தொடங்கினார். பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு இசைக்கருவிகள் போதவில்லை. அங்கே குப்பை பொறுக்கி வாழ்ந்த, தச்சு வேலை தெரிந்த நிக்கோலாஸ் கோமெஸ் என்பவர் டின், முள்கரண்டி, பழைய பலகை ஆகியவற்றைக் கொண்டு வயலின்களைச் செய்து கொடுத்தார். அந்தப் பிள்ளைகளின் இசைக்குழு பின்னர் பல நாடுகளில் வாசித்தது. அந்த வயலின் வாசிக்கப்படுகிறது. அதனால்தான் உலகம் திரும்பிப் பார்த்தது.

கென்யாவின் லாமு தீவில், கடற்கரையிலும் ஊர்களிலும் சேர்த்த ஏறக்குறைய 10 டன் நெகிழிக் கழிவைக் கொண்டு 9 மீட்டர் நீளப் பாய்மரப் படகு கட்டப்பட்டது. அதன் உடல் முழுவதும் பழைய சிலிப்பர்த் துண்டுகளின் வண்ணத்தால் மூடப்பட்டிருக்கும். ஃபிலிப்ஃபிலாப்பி என்ற அந்தப் படகு 2018-இல் நீரில் இறங்கியது. 2019-இல் சான்சிபார் வரை கடலில் சென்றது. வழியில் நின்ற ஊர்களில் மக்கள் அதைத் தொட்டுப் பார்த்தார்கள்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு கோலாலம்பூரிலேயே இருக்கிறது. பிஜி-பிஜி என்ற சமூகத் தொழில்முனைவு அமைப்பு, பழைய விளம்பரப் பதாகைகளையும் கார் இருக்கைப் பட்டைகளையும் பைகளாக்கிப் பெயர் பெற்றது. வாங்குகிறவர் பரிதாபப்பட்டு வாங்காமல், பை நன்றாக இருப்பதால் வாங்கும்படி செய்வதே இத்தகைய முயற்சிகளின் இலக்கு.

தொடங்கும் முன் மூன்று கேள்விகள்

1. இந்தக் கழிவை மறுசுழற்சிக்கு யாராவது எடுப்பார்களா? எடுப்பார்கள் என்றால் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். செய்தித்தாள், அட்டைப்பெட்டி, அலுமினிய டின், இரும்பு, அடியில் முக்கோணத்துக்குள் எண் 1 உள்ள பானப் போத்தல், எண் 2 உள்ள சவர்க்கார நீர்ப் போத்தல் ஆகியவற்றுக்கு விலை உண்டு. பல அடுக்கு காப்பிப் பொட்டலம், மேகி உறை, கட்டு நாடா, பதாகை, கிழிந்த துணி, டயர் போன்றவற்றை வீட்டுவாசலில் எடுப்பார் குறைவு. கைவினைக்கு ஏற்றவை இவைதாம்.

2. செய்யப்போகும் பொருள் நம் வீட்டில் எங்கே இருக்கும், யார் பயன்படுத்துவார்? பதில் இல்லையென்றால் செய்ய வேண்டாம்.

3. இதற்குப் புதிதாக எவ்வளவு வாங்க வேண்டும்? பசை, சாயம், மினுமினுப்பு ஆகியவற்றின் செலவும் எடையும் கழிவைவிட அதிகமானால் கணக்கு தவறிவிட்டது. பின்னல், தையல், முடிச்சு ஆகியவற்றால் செய்யும் பொருள்களைப் பின்னர் பிரிக்கலாம். ஒட்டிய பொருளைப் பிரிப்பது கடினம்.

செய்து பார்க்க நான்கு பொருள்கள்

கட்டு நாடாக் கூடை

பெட்டிகளைக் கட்டும் மஞ்சள், வெள்ளை, நீல நெகிழி நாடாக்கள் இரும்புச் சாமான் கடை, மின்சாரப் பொருள் கடை, உரக் கிடங்கு ஆகியவற்றின் பின்புறம் கிடைக்கும். கேட்டால் பெரும்பாலும் சும்மா கொடுப்பார்கள். ஒயர் கூடை பின்னத் தெரிந்த அம்மாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால் ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம்.

சந்தைக்கு எடுத்துப்போகும் கூடைக்கு ஒரு கணக்கு: அடிப்பக்கம் 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம்; உயரம் 25 செ.மீ.; நாடா அகலம் 1.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் 100 செ.மீ. நாடா 13, அகலவாக்கில் 90 செ.மீ. நாடா 20, சுற்றிப் பின்ன 110 செ.மீ. நாடா 16 தேவை. மொத்தம் ஏறக்குறைய 49 மீட்டர். இதில் இரு முனைகளையும் மடித்துச் செருக 10 செ.மீ. வீதம் சேர்ந்திருக்கிறது. பிடிக்கு மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாடாவைச் சவர்க்கார நீரில் கழுவிக் காய வையுங்கள். அடிப்பக்கத்தை ஒன்றின் மேல் ஒன்று, ஒன்றின் கீழ் ஒன்று என்று பாய் பின்னுவதுபோல் பின்னி, நான்கு பக்கமும் அளவுகோலை வைத்து மடித்து நிமிர்த்துங்கள். பிறகு சுற்று நாடாக்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். மேல் விளிம்பில் எஞ்சும் முனைகளை உள்பக்கம் மடித்துப் பின்னலுக்குள் செருகிவிட்டால் பசையே தேவையில்லை. பிடிக்கு நாடாவை இரண்டு மடங்காக வைத்து, கூடையின் அடிவரை இறக்கிச் செருகுங்கள். அப்போதுதான் 5 கிலோ அரிசியைத் தாங்கும்.

பதாகைப் பை

திருவிழா, தீபாவளி வாழ்த்து, பொதுக்கூட்டம் என்று நம் சமூகத்தில் பதாகைக்குக் குறைவில்லை. தேதி முடிந்த மறுநாள் அது குப்பை. பெரும்பாலான பதாகைகளில் பிவிசி பூச்சு இருப்பதால் எரிக்கவே கூடாது. ஆனால் மழைக்கு நனையாத, எளிதில் கிழியாத துணி அது.

தைக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். குண்டூசி குத்தினால் துளை மறையாது. ஆகவே துணி உலர்த்தும் கிளிப்பால் பிடித்துக்கொள்ளுங்கள். தையலை நெருக்கமாகப் போடாதீர்கள். துளைகள் வரிசையாகச் சேர்ந்து தாள்போல் கிழிந்துவிடும். 16 அல்லது 18-ஆம் எண் ஊசியும் நைலான் நூலும் ஏற்றவை. அச்சிட்ட பக்கத்தை உள்ளே வைத்தால் வெள்ளைப் பை. வெளியே வைத்தால் வண்ணப் பை. சாமி படமோ தலைவர்களின் முகமோ உள்ள பகுதியைப் பைக்குப் பயன்படுத்துவதைச் சிலர் விரும்ப மாட்டார்கள். நிர்வாகத்தாரிடம் கேட்டுவிட்டு, அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுவது நல்லது.

ஓர் ஆலயத் திருவிழாவின் பதாகைகள் அடுத்த ஆண்டு அன்னதானத்தில் காய்கறி வாங்கும் பைகளாக வந்தால், அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டியதில்லை.

கோலப்புள்ளி விளக்கு

மைலோ டின், பால்மாவு டின் இதற்குப் போதும். வெறும் டின்னில் ஆணி அடித்தால் நசுங்கும். அதனால் மேலே 2 செ.மீ. இடம் விட்டுத் தண்ணீர் நிரப்பி, ஓர் இரவு உறைய வையுங்கள். புள்ளிக்கோலத்தைத் தாளில் வரைந்து டின்னைச் சுற்றி ஒட்டி, பழைய துண்டின் மேல் படுக்க வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஆணியால் துளையிடுங்கள். உள்ளே இருக்கும் பனிக்கட்டி டின்னைத் தாங்கும். பனி உருகியதும் உடனே துடைத்துக் காய வையுங்கள், இல்லையேல் துருப்பிடிக்கும்.

அடியில் கொஞ்சம் மணல் போட்டு அகல் விளக்கை வைத்தால், கோலம் சுவரில் ஒளியாக விழும். தீபாவளிக்கு அழகு, மின்சாரம் போன இரவுக்கு உதவி. டின் சூடாகும் என்பதால் திரைச்சீலைக்கும் பிள்ளைகளின் கைக்கும் எட்டாமல் வையுங்கள்.

பொட்டலப் பின்னல்

காப்பி, தேநீர், மேகி உறைகளில் நெகிழியும் மெல்லிய உலோகமும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் அவற்றைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். ஒரே அளவாக வெட்டி, நீளவாக்கில் மடித்துப் பட்டையாக்கி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிச் சங்கிலியாக்கலாம். சங்கிலிகளை நைலான் நூலால் இணைத்தால் பணப்பை, பென்சில் பை, சூடான பாத்திரம் படாத மேசையில் விரிக்கும் விரிப்பு ஆகியவை கிடைக்கும்.

இந்தோனேசியாவில் ஆன் வைசர் என்ற ஓவியர் 2002-இல் தொடங்கிய எக்ஸ்எஸ் புரோஜெக்ட், ஜகார்த்தாவில் குப்பை பொறுக்கும் குடும்பங்களிடமிருந்து இத்தகைய உறைகளை விலைக்கு வாங்கிப் பைகளாக்கியது. யாரும் வாங்காத கழிவுக்கு விலை பிறந்ததுதான் அந்த முயற்சியின் சிறப்பு.

தொடக்கூடாதவை, கவனமாகத் தொட வேண்டியவை

களைக்கொல்லி, பூச்சிமருந்துக் கலன்கள்: தோட்டத்தில் இது உயிர்ப் பிரச்சினை. நீலக் கலனும் வெள்ளைக் கலனும் உறுதியாக இருப்பதால் தண்ணீர் பிடிக்கவும் பூச்சாடியாக்கவும் ஆசை வரும். எத்தனை முறை கழுவினாலும் அந்த நெகிழி மருந்தை உறிஞ்சி வைத்திருக்கும். பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆனால் பழைய கலன் ஏதாவது வீட்டுக்குப் பின்னால் இன்னும் கிடக்கலாம். மருந்துக் கலன்களை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, கலனில் துளையிட்டு நிர்வாகத்திடம் ஒப்படைப்பதே முறை. கைவினைக்கு வேண்டவே வேண்டாம்.

உரச் சாக்கு: நன்றாகக் கழுவினால் பாய், விறகுப் பை, மோட்டார் சைக்கிள் உறை ஆகியவை செய்யலாம். அரிசி, மாவு, உலர்மீன் போன்ற உணவுப் பொருளுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

டயர்: நம் தாத்தா பாட்டி வெட்டிய பால்தான் டயர் ஆனது, அதை வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்படுவது இயல்பு. ஆனால் டயரை எப்படிப் போட்டாலும் உள்வளைவில் நீர் தேங்கும். ஏடிஸ் கொசுவின் முட்டை ஒரு வாரம், பத்து நாளில் பறக்கும் கொசுவாகிவிடும். கொசு உற்பத்தியாகும் இடம் வீட்டு வளாகத்தில் இருந்தால் அபராதம் கட்ட நேரிடும். டிங்கிக் காய்ச்சலுக்குக் கட்டும் விலை அதைவிடப் பெரிது. பூச்சாடியாக்கினால் கீழ்ப்பகுதியில் பல துளைகள் இட்டு, மண்ணை விளிம்புவரை நிரப்புங்கள். டயரில் துத்தநாகமும் எண்ணெய்ச் சேர்மங்களும் இருப்பதால் பூச்செடி நடலாம். கீரையும் மிளகாயும் வேறு இடத்தில் வளரட்டும். இருக்கையாக்கினால் இரு பக்கமும் பலகை அடித்து முழுமையாக மூடிவிடுங்கள்.

நெகிழியை உருக்குதல்: சமையலறை அடுப்பில் நெகிழியை உருக்கி அச்சில் ஊற்றும் காணொளிகள் கைபேசியில் நிறைய வருகின்றன. எந்த வகை நெகிழி என்று தெரியாமல் சூடாக்கினால் நச்சுப் புகை வரும். பிவிசியானால் ஆபத்து இன்னும் அதிகம். வீட்டில் வெட்டுங்கள், பின்னுங்கள், தையுங்கள், உருக்க வேண்டாம்.

கண்ணாடிப் போத்தல்: பூச்சாடியாகவோ விளக்காகவோ முழுதாகப் பயன்படுத்துவது எளிது. வெட்ட வேண்டியிருந்தால் பெரியவர்கள் மட்டுமே செய்ய வேண்டும். வெட்டிய விளிம்பை ஈரமான உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிய பிறகே பிள்ளைகள் கையில் கொடுக்கலாம்.

பள்ளிகளும் ஆலயங்களும் செய்யக்கூடியவை

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 11 மலேசியாவில் தேசிய மறுசுழற்சி நாள். தமிழ்ப்பள்ளிகளில் அதை ஒட்டிக் கண்காட்சி நடத்தும் ஆசிரியர்கள் சில விதிகளை மாற்றிப் பார்க்கலாம்.

கண்காட்சிக்கு இரண்டு வாரம் முன்பே மாணவர்கள் தங்கள் வீட்டுக் குப்பையை வகைப்படுத்தி எண்ணி எழுதி வரட்டும். எது அதிகமோ, அதைக் கொண்டே பொருள் செய்யட்டும். கடையில் புதிதாக வாங்கும் பொருளுக்கு 2 வெள்ளி என்பதுபோல் வரம்பு வையுங்கள். சாயம், மினுமினுப்புக்கு மதிப்பெண் வேண்டாம். பின்னத் தெரிந்த பாட்டியும் தைக்கத் தெரிந்த அம்மாவும் நடுவர்களாக வரட்டும். முடிச்சு தாங்குமா, தையல் நிற்குமா என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆலய நிர்வாகங்கள் திருவிழா முடிந்ததும் பதாகைகளைச் சேர்த்து மகளிர் பிரிவிடம் கொடுக்கலாம். அதற்கு முந்தைய படி இன்னும் நல்லது: ஆண்டு எண்ணைத் தவிர்த்து அச்சிட்டால் அதே பதாகை பல ஆண்டுகள் தொங்கும். குறைப்பதற்குப் பிறகுதான் மறுபயனீடு. அதற்கும் பிறகுதான் மறுசுழற்சி. இந்த வரிசை மாறினால், பை செய்வதற்காகவே பதாகை அடிக்கும் நிலை வந்துவிடும், நாங்கள் போத்தலுக்காகத் தண்ணீரைக் கொட்டியதுபோல.

கடைசியாக ஒரு யோசனை. போட்டி நாளன்றே பரிசைக் கொடுக்காதீர்கள். மாணவர்கள் பொருளை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு மாதம் பயன்படுத்தட்டும். பிறகு திரும்பக் கொண்டு வரச் சொல்லுங்கள். கூடையில் வெங்காயத் தோல் ஒட்டியிருக்கிறதா, விளக்கின் உள்ளே கரி படிந்திருக்கிறதா, பையின் பிடி கைப்பட்டு மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பரிசு அந்தப் பொருளுக்குப் போகட்டும்.